தாங்கினால் பொம்பள, ஓடினால் சந்தேகம்

பொம்பளைக்குத் தம் பத்தாது என்று சொல்கிறவர்களை ஒரு வாரம் திண்டுக்கல் சீமையில் கூட்டிக்கொண்டு சுற்ற வேண்டும். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். அதற்காக இருட்டோடு எழுந்து வந்து, குனிந்த முதுகு நிமிராமல் செடி செடியாக நகர்கிறவர்கள் யார்? வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் ஷிப்டு முழுக்க மிஷினுக்கும் மிஷினுக்கும் நடுவே நடந்துகொண்டே அறுந்த இழையை ஒட்டுகிறவர்கள் யார்? சிறுமலைச் சரிவில் விறகுக்கட்டைத் தலையில் வைத்து இறக்கியவர்கள் யார்? தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கமிருந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் நடக்கிற கூட்டத்தில், உள்ளங்கால் கொப்பளித்தும் நிற்காமல் போகிற பெண்கள் எத்தனை பேர்? 'அம்மா, உன் ஒடம்பு இதத் தாங்காது, வீட்டுக்குப் போ' என்று எந்த டாக்டரும் அவர்களை வழிமறித்துச் சொன்னதில்லை. வழிநெடுக நீர்மோர்ப் பந்தல்தான் போடுகிறார்கள்.

அதே பெண்ணின் மகள் அரைக்கால் டவுசர் போட்டுக்கொண்டு மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடட்டும், பேச்சு மாறிவிடும். 'பொட்டப் புள்ளைக்கு எதுக்கு இந்த ஓட்டம்?' 'பாரு, ஆம்பள கணக்கா ஆயிட்டா.' 'கர்ப்பப்பை எறங்கிப் போச்சுன்னா நாளைக்கு எவன் கட்டுவான்?' தலையில் விறகுச் சுமையோடு மலை இறங்கும்போது இறங்காத கர்ப்பப்பை, வெறுங்கையோடு மைதானத்தில் ஓடும்போது மட்டும் எப்படி இறங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

ஆக, பெண்ணின் உடம்புக்கு வலு இருக்கிறதா என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகமில்லை. அந்த வலு யாருக்குச் சொந்தம் என்பதில்தான் தகராறு. புருஷனுக்கும் பிள்ளைக்கும் முதலாளிக்கும் சாமிக்கும் செலவழித்தால் அதற்குப் பொறுமை, கடமை, பக்தி, தியாகம் என்று பெயர்கள் உண்டு. நெஞ்சில் ஓர் எண்ணைக் குத்திக்கொண்டு, தன் பேரில், தான் ஜெயிப்பதற்காகச் செலவழித்தால் அது திமிர். ஜெயித்தே விட்டால் அதைவிட மோசம். அவள் பெண்தானா என்ற கேள்வி வந்துவிடும். தன் காலால் ஓடிப் பெற்ற வெற்றியைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒருத்தி முதலில் தான் பெண் என்று நிரூபித்தாக வேண்டும் என்பது என்ன நியாயம்? இதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

2

இது பட்டிக்காட்டு மூடத்தனம், படித்த நாடுகளில் இப்படி இல்லை என்று நினைக்க வேண்டாம். 1896இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தது. மாரத்தான் ஓட வந்த ஸ்தமதா ரெவிதி என்ற கைக்குழந்தைக்காரியை, ஏழைப் பெண்ணை, அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. மறுநாள் அவள் தனியாக அதே தூரத்தை ஓடிக் காட்டினாள். ஸ்டேடியத்துக்குள் விடவில்லை.

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்தார்கள். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனை செய்தார். ஜப்பானின் ஹிதோமி கினுயே வெள்ளி வாங்கினார். பத்திரிகைகள் என்ன எழுதின தெரியுமா? பெண்கள் வரிசையாகச் சுருண்டு விழுந்தார்கள், பார்க்கச் சகிக்கவில்லை என்று எழுதின. ஓடி முடித்த ஆண் தரையில் விழுந்து மூச்சு வாங்கினால் அது வீரம். பெண் விழுந்தால் அது சாட்சியம். அந்தப் பொய்யை வைத்து 800 மீட்டரைப் பெண்களிடமிருந்து பிடுங்கினார்கள். திரும்பக் கிடைக்க 1960இல் ரோம் ஒலிம்பிக் வரை, முப்பத்திரண்டு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்த பாபி கிப்புக்குப் பெண்களின் உடல் இதற்கு ஏற்றதல்ல என்று பதில் வந்தது. 1966இல் அவர் புதருக்குள் ஒளிந்திருந்து கூட்டத்தோடு கலந்து ஓடி முடித்தார். 1967இல் பேரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிக் கொடுத்து எண் வாங்கி ஓடிய காத்ரின் ஸ்விட்சரை ஓட்டத்தின் நடுவிலேயே ஓர் அதிகாரி பிடித்திழுத்து எண்ணைப் பறிக்கப் பார்த்தார். 1972இல்தான் அங்கே பெண்களை முறையாகச் சேர்த்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல். ஆண்கள் ஓடத் தொடங்கி எண்பத்தெட்டு வருஷம் கழித்து. நீச்சலைப் பாருங்கள். 1500 மீட்டர் ஆண்களுக்கு 1908 முதலே உண்டு. பெண்களுக்கு டோக்கியோவில்தான் கொடுத்தார்கள், 2021இல்.

இத்தனை தடைகளும் அக்கறை வேஷம் போட்டுக்கொண்டுதான் வந்தன. அந்த அக்கறை அதே நாடுகளின் மில்களிலும் வயல்களிலும் சலவைத் துறைகளிலும் முதுகொடிந்த பெண்களைத் தேடிப் போகவில்லை. நோகாமல் வாழ்ந்த வீடுகளின் பெண்ணை அளவுகோலாக நிறுத்தி, அதுதான் பெண்ணின் இயற்கை என்று சட்டம் எழுதினார்கள். உழைக்கிற பெண் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

3

பெண்ணால் ஓட முடியாது என்ற பொய் இனிச் செல்லாது என்று ஆனபோது அடுத்ததைக் கொண்டுவந்தார்கள். இப்படி ஓடுகிறவள் பெண்ணே இல்லை என்றார்கள். 1966இல் புடாபெஸ்ட்டில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்கு வந்த பெண்கள் டாக்டர்கள் முன்னால் அம்மணமாக நிற்க வேண்டியிருந்தது. 1968 முதல் ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை. ஆண்கள் யாரும் ஆண் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பெண்களிலும் ஒருவருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1976இல் மான்ட்ரியலில் குதிரையேற்றத்தில் கலந்துகொண்ட இங்கிலாந்து ராணியின் மகள் ஆன். ராணி பெற்ற பெண்ணைப் பெண்ணா என்று கேட்க முடியுமா? பிறப்பே சான்றிதழாக இருப்பவர்களை நமக்குத் தெரியும். இதைப் புரிந்துகொள்ள நாம் லண்டன் வரை போக வேண்டியதில்லை.

ஸ்பெயினின் தடை ஓட்டக்காரர் மரியா மார்த்தினெஸ் பத்தினோவை 1985இல் இந்தச் சோதனையில் தள்ளினார்கள். அடிபட்டதாகச் சொல்லி ஒதுங்கிக்கொள் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. உதவித்தொகை போயிற்று, சாதனைகள் அழிக்கப்பட்டன. விடாமல் போராடி 1988இல் உரிமையை மீட்டார். எல்லாப் பெண்களையும் சோதிப்பதை ஒலிம்பிக் குழு 1999இல் நிறுத்தியது. ஆனால் சந்தேகம் வந்தால் சோதிக்கலாம் என்ற வாசலைத் திறந்தே வைத்தார்கள். சந்தேகம் எந்த உடம்பின் மேல் விழும்? மார்பு தட்டையாக, தோள் அகலமாக, குரல் கனமாக, முடி குட்டையாக இருக்கிறவள் மேல் விழும். கறுப்பாக இருக்கிறவள் மேலும், இங்கிலீஷில் எதிர்க்கேள்வி கேட்கத் தெரியாதவள் மேலும் விழும். இந்த வாசல் வழியாகத்தான் நம் சாந்தியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

4

திண்டுக்கல்லுக்குக் கிழக்கே, எட்டிப் போனால் புதுக்கோட்டைச் சீமை. அங்கே கத்தக்குறிச்சி என்ற ஊரில் செங்கல் சூளையில் வேலை செய்த தலித் பெற்றோரின் மகள் சாந்தி சௌந்தரராஜன். ஓட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர் தாத்தா. 2005இல் தென்கொரியாவின் இன்சானில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அதே 800 மீட்டர். 2 நிமிடம் 3.16 விநாடி. மறுபடி வெள்ளி. ஹிதோமி கினுயே ஆம்ஸ்டர்டாமில் வெள்ளி வாங்கி எழுபத்தெட்டு வருஷம் கழித்து, இன்னொரு ஆசியப் பெண், அதே தூரத்தில், அதே பதக்கம்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். சோதனை செய்தார்கள். என்ன சோதனை என்றே தனக்குச் சொல்லவில்லை என்று சாந்தி பின்னாளில் கூறியிருக்கிறார். ஊருக்குத் திரும்பிய பெண்ணுக்கு, இனி நீ ஓடக் கூடாது என்று போனில் தகவல் வந்தது. ஒரு மனுஷியின் உடம்புக்குள் இருக்கிற ரகசியம், அவளுக்கே விளங்குவதற்கு முன்னால், டி.வி.யில் ஓடியது. பதக்கத்தைப் பறித்தார்கள். அந்த நேரத்தில் முதலமைச்சர் கருணாநிதி, அறிவித்தபடி 15 லட்சம் ரூபாயை அவருக்குக் கொடுத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் பறிபோன மானத்துக்கு எந்த அரசும் வழக்கு நடத்தவில்லை. 2007இல் சாந்தி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுத்தார். 2012இல் பெற்றோர் உழைத்த அதே செங்கல் சூளையில் கூலிக்கு நின்றார். அதற்குப் பிறகுதான் பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். அவரை எழுப்பி நிறுத்தியது அவருடைய தம்தான்.

கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். சாந்தி ஊசி போட்டுக்கொள்ளவில்லை. மாத்திரை விழுங்கவில்லை. எதையும் மறைக்கவில்லை. அம்மா பெற்றுப் போட்ட உடம்போடு ஓடினார். ஊக்கமருந்து சாப்பிட்டு மாட்டுகிறவனுக்குக்கூடத் தண்டனைக்கு ஒரு கெடு உண்டு. இரண்டு வருஷமோ நாலு வருஷமோ முடிந்தால் திரும்பி வந்து ஓடலாம். ஒரு குற்றமும் செய்யாத சாந்தியின் தண்டனைக்கு மட்டும் கெடு இல்லை. செய்த செயலுக்குக் கொடுத்தால் அதைத் தண்டனை எனலாம். பிறந்த பிறப்புக்குக் கொடுத்தால் அதற்கு வேறு பெயர். அந்தப் பெயர் இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

2014இல் ஒடிசாவின் நெசவாளர் வீட்டுப் பெண் துத்தீ சந்த்துக்கும் இதே தடை வந்தது. ஆனால் அவர் பக்கம் ஆய்வாளர்கள் நின்றார்கள், வக்கீல்கள் நின்றார்கள், இந்திய விளையாட்டு ஆணையமும் நின்றது. அவர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015இல் அந்த விதியையே நிறுத்தி வைக்கும்படி தீர்ப்பு வாங்கித் திரும்ப ஓடினார். எட்டு வருஷத்துக்கு முன் சாந்தி பக்கத்தில் இப்படி நாலு பேர் நின்றிருந்தால்? நியாயம் இல்லாமல் போகவில்லை, அது சாந்தியின் ஊருக்கு வரும்போது நேரம் கடந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா கதையும் இதுதான். 2009இல் 800 மீட்டரில் உலகச் சாம்பியன் ஆன நாள் முதல் அவருடைய உடம்பு விசாரணைக் கூண்டில் நிற்கிறது. விதி பாரபட்சமானதுதான், ஆனாலும் தேவை என்று 2019இல் நடுவர் மன்றம் சொன்னது. அவருக்கு முறையான விசாரணை கிடைக்கவில்லை என்று 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் செப்டம்பரில், உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவில் ஓட வரும் எல்லோருக்கும் மரபணுச் சோதனை கட்டாயம் என்று ஆக்கிவிட்டது. 1999இல் மூட்டை கட்டியதைப் புது டப்பாவில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

5

இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்காமல் போக முடியாது. பெண்களுக்கென்று தனிப் பிரிவு வைத்ததே ஆண் உடம்புக்கு இருக்கிற கூடுதல் வலுவிலிருந்து அவர்களைக் காக்கத்தானே, கோடு போடாவிட்டால் மற்றப் பெண்களுக்கு அநியாயம் இல்லையா என்கிறார்கள். சாந்திக்குப் பின்னால் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்தவர்களும் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிப் பயிற்சி எடுத்த பெண்கள்தான். அவர்கள் கேள்வியைத் துச்சமாகத் தள்ளக் கூடாது.

ஆனால் ஒன்றை முதலில் பார்ப்போம். இயற்கை கொடுத்த கூடுதல் எல்லாவற்றையும் விளையாட்டு இப்படிப் பிடித்து விசாரிக்கிறதா? பின்லாந்தில் ஈரோ மான்டிரான்டா என்று ஒரு பனிச்சறுக்கு வீரர் இருந்தார். நெடுந்தூரப் போட்டிகளில், 1960களின் ஒலிம்பிக்குகளில், மூன்று தங்கம் உட்பட ஏழு பதக்கம் வாங்கினார். குடும்பத்தில் பரம்பரையாக வந்த ஒரு மரபணு மாற்றத்தால் அவருடைய ரத்தத்தில் சிவப்பணு மற்றவர்களைவிட மிக அதிகம் என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். சிவப்பணு அதிகமானால் மூச்சு நிற்கும், தம் நிற்கும். அந்தப் பதக்கங்களை யாரும் திரும்பக் கேட்கவில்லை. அவருடைய ஊரில் சிலை வைத்தார்கள். ஆணுக்கு இயற்கை கொடுத்தால் வரம். சாந்திக்குக் கொடுத்தால் மோசடியா?

சரி, பெண்கள் பிரிவுக்குக் கோடு வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். கோடு எங்கே என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. 2015இல் ஆதாரம் போதாது என்ற மன்றமே 2019இல் போதும் என்கிறது. இப்படி ஆடுகிற கோட்டின் மேல் ஒருத்தியின் வாழ்க்கையை நிறுத்தும்போது குறைந்தபட்சம் சிலது செய்தாக வேண்டும். என்ன சோதனை என்று அவளுடைய பாஷையில் சொல்ல வேண்டும். முடிவை முதலில் அவளிடம் சொல்ல வேண்டும், வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. எதிர்த்து வழக்காட வக்கீலும் பணமும் கொடுக்க வேண்டும். விதி மாறினாலும் முன்னால் ஓடியதைக் களவு என்று சொல்லாமல் இருக்க வேண்டும். இதில் ஒன்றையாவது சாந்திக்குச் செய்தார்களா? மூன்றாவதாக வந்த பெண்ணுக்கு நியாயம் செய்ய இரண்டாவதாக வந்தவளைத் தெருவில் நிறுத்தி அவமானப்படுத்த வேண்டிய அவசியம் என்ன? கோடு போடுவது நியாயமா என்பது ஒரு கேள்வி. அந்தக் கோட்டைச் சவுக்காக வீசியது நியாயமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியைக் காட்டி இரண்டாவதை மறைக்கப் பார்க்கிறார்கள்.

6

தமிழில் பெண்ணுக்கு மெல்லியல் என்று ஒரு பெயர் உண்டு. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நாலு குணம் வேறு வகுத்து வைத்திருக்கிறார்கள். எம்.ஏ. வகுப்பில் இதைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி தொண்டையில் நிற்கும். நாற்று நட்டவளும் களை எடுத்தவளும் செத்த மாட்டைத் தூக்க ஒரு கை கொடுத்தவளும் இந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறார்கள்? சேரிப் பெண்ணுக்கு மெல்லியல் என்ற பட்டத்தை யாரும் கொடுத்ததில்லை. 'அவளுக என்ன, ஆம்பள மாதிரி வேல பாப்பாளுக' என்று சொல்லித்தான் பாதிக் கூலி கொடுத்தார்கள். வேலை வாங்கும்போது ஆம்பளை, கூலி கொடுக்கும்போது பொம்பளை. அவள் மகள் ஓடிப் பதக்கம் வாங்கியதும், மெல்லியலுக்கு வேண்டிய லட்சணம் உன்னிடம் இல்லையே என்று அதே கையால் அதே அளவுகோலை எடுக்கிறார்கள். கொடுக்கவே கொடுக்காத ஒன்றைக் காணோம் என்று சொல்லிக் குற்றம் சாட்டுவது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்!

நெடுந்தூர ஓட்டத்துக்குப் பணம் வேண்டாம், ஷூ இருந்தால் போதும் என்பார்கள். சொல்லுகிறவர்களுக்கு ஊரில் தெரு இருக்கிறது. இந்தச் சமவெளியில் எத்தனையோ கிராமங்களில் சேரியிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக ஊர்த் தெருவைத் தாண்ட வேண்டும். விடிகாலை அஞ்சு மணிக்கு டவுசர் போட்ட சேரிப் பெண் தனியாக அந்தத் தெரு வழியாகப் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வர வேண்டும் என்றால், பயிற்சியாளர் சொல்லிக் கொடுக்காத எத்தனை தடைகளை அவள் தாண்ட வேண்டும்? திண்ணையில் உட்கார்ந்திருப்பவனின் கண் ஒன்று. 'கீழத்தெருக்காரிக்கு வந்த வாழ்வப் பாரு' என்கிற வாய் ஒன்று. ஓடி முடித்து வந்தால் குழாயடியில் குடத்தோடு வரிசை. ரத்தசோகை உள்ள உடம்புக்கு ஒரு முட்டை கிடைக்குமா என்பது தனிப் பிரச்சினை. இத்தனையும் தாண்டி மேடை வரை வந்தவளைப் பார்த்துத்தான், உனக்கு ஏதோ கூடுதல் வசதி இருக்கிறது என்கிறார்கள்.

7

வெளியே இருப்பவர்களை மட்டும் திட்டிவிட்டு முடித்துக்கொண்டால் இது பாதிக் கட்டுரை. தோழர்களே, நம் சேரியில் ஆண்கள் என்ன செய்கிறோம்? அம்பேத்கர் பிறந்தநாளுக்குக் கபடிப் போட்டி, ஓட்டப் போட்டி நடத்துகிறோம். பையன்களுக்குக் கோப்பை. பொண்ணுகளுக்கு என்ன வைக்கிறோம்? கோலப் போட்டி, மியூசிக்கல் சேர். வயசுக்கு வந்த மகளை முதலில் நிறுத்துவது ஓட்டத்திலிருந்துதான். பாதுகாப்புக்காக என்கிறோம். பயம் நிஜம்தான். ஆனால் ஆம்ஸ்டர்டாமில் 800 மீட்டரைப் பிடுங்கியவர்களும் உன் நன்மைக்காக என்றுதான் சொன்னார்கள். பயமுறுத்துகிறவனை ரோட்டிலிருந்து அப்புறப்படுத்தாமல் மகளை மைதானத்திலிருந்து அப்புறப்படுத்துவது எந்த விடுதலை அரசியலில் சேரும்? சாதி தன்னைக் காப்பாற்றிக்கொள்வதே பெண்ணைக் கட்டிவைத்துத்தான் என்று 1916லேயே எழுதிய மனிதரின் படத்தின் கீழே நின்றுகொண்டுதான் இதைச் செய்கிறோம்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. அடுத்த ஏப்ரலில் பையன்களுக்கு எத்தனை கிலோமீட்டரோ அத்தனையே பொண்ணுகளுக்கும் வைப்போம். அவர்கள் ஓடுகிற ரோட்டில், திருவிழாவுக்குக் காவல் நிற்கிற மாதிரி நிற்போம். அவர்களில் ஒருத்தி ஜெயித்து, யாராவது ஒருவன் ஆம்பளையா பொம்பளையா என்று வாயெடுத்தால், சாந்திக்குக் கிடைக்காத நாலு பேராக நாம் இருப்போம். சாந்தியின் வெள்ளிப் பதக்கத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற கோரிக்கையை, ஒவ்வொரு ஆசியப் போட்டி வரும்போதும் போகும்போதும், சலிக்காமல் எழுதிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருப்போம். 800 மீட்டரைத் திரும்ப வாங்க உலகத்துப் பெண்களுக்கு முப்பத்திரண்டு வருஷம் ஆனது. சாந்தியிடம் பதக்கத்தைப் பறித்து அத்தனை வருஷம் இன்னும் ஆகவில்லை. கேட்பதற்கு நமக்குத் தம் இருக்கிறதா?